உங்களுக்கென்றால் சொல்ல வேண்டுமா?

ஓசூர் பாகலூர் ரோட்டு லைன் வீடுகளில் வீரலட்சுமியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களையும் அவள் விட்டுவைப்பதில்லை. கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, "ஒரு கேள்வி கேக்கணும், பத்து நிமிசம்தான்" என்று உட்கார்ந்துவிடுவாள். பத்து நிமிடம் என்பது சுத்தப் பொய். அரை மணி நேரத்துக்கு முன்னால் அவள் எழுந்த வீடு கிடையாது. இருந்தாலும் கிளம்பும்போது, இன்னொரு நாளைக்கு வாங்க என்று சொல்லித்தான் அனுப்புவார்கள்.

அவளுக்கு இது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஓசூரிலும் கெலமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலும் ஆராய்ச்சி ஒன்று நடத்தினார்கள். ஒருவருக்குப் பெரிய நோய் வந்தால் டாக்டர் அதை அவரிடமே சொல்ல வேண்டுமா, வீட்டாரிடம் மட்டும் சொன்னால் போதுமா, எது நியாயம் என்பதுதான் விஷயம். நடத்தியவர்கள் இரண்டு பேர். லாவண்யா என்கிற டாக்டர், ஜனங்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எண்ணிப் பார்க்க வேண்டும் என்பவர். ஜெகதீஷ், பெங்களூர்க் கல்லூரி ஒன்றில் தத்துவம் சொல்லிக்கொடுப்பவர். எண்ணி முடித்த பிறகும் எது சரி என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே என்பவர். இரண்டு பேருக்கும் நடுவில், வீடு வீடாக வெயிலில் அலைகிறவள் வீரலட்சுமி.

சொந்த ஊர் சாத்தூர்ப் பக்கம். தீப்பெட்டி ஒட்டி வளர்ந்தவள். ரத்தினவேலைக் கட்டிக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியும் ஸ்டவ்வுமாக ஓசூரில் வந்து இறங்கினாள். வந்த புதிதில் காய்காரம்மா கன்னடத்தில் பேச, வீட்டுக்காரம்மா தெலுங்கில் பேச, இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையை ஆட்டி ஏமாந்திருக்கிறாள். அந்த ரோஷத்தில் இரண்டு பாஷையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு எலக்ட்ரானிக் கம்பெனி ஒன்றில் பல வருஷம் நின்றே வேலை பார்த்து, இடுப்பு போய், வேலையை விட்டாள். மகள் ரூபாவைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த வேலை வந்தது. மூன்று பாஷையும் கதவைத் தட்டக் கூச்சப்படாத குணமும் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. முதலில் ஒரு சின்னக் கதை சொல்வாள். ஒருத்தருக்குப் பெரிய நோய், டாக்டர் அவரிடம் சொல்லாமல் அவர் மகனிடம் மட்டும் சொல்கிறார், இது சரியா? பதிலைக் குறித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பாள். அந்த ஒருத்தர் நீங்களே என்றால், உங்களுக்கென்றால் சொல்ல வேண்டுமா?

கெலமங்கலத்தில் மாரம்மா என்ற அம்மாள், ராகிக் களத்தில் முறத்தை வைத்துக்கொண்டே பதில் சொன்னாள். "சொல்லவே கூடாதும்மா. சொன்னா மனுசன் பாதி உசுரு அங்கியே பூடும். புள்ளைங்க மனசுல வெச்சிக்கினு பாத்துக்கணும்."

"சரிம்மா, அது நீங்கன்னா?"

"எனக்கா? எனக்கு இன்னாத்துக்கு மறைக்கிறாங்க?" மாரம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "எம் மாட்ட யாருகிட்ட உடறது, கம்மல எந்த மவளுக்குக் குடுக்கறதுன்னு நானு சொல்லீட்டுப் போவ வேணாமா? எங்கிட்ட மறைச்சானுங்கன்னா சும்மா உடமாட்டேன்!"

போகிற வீடெல்லாம் இதே பாட்டுத்தான். அடுத்தவனுக்கு மறைக்க வேண்டும், எனக்கு மறைக்கக் கூடாது. ஒரே வாயில் இரண்டு பதிலும் வரும். சொன்னவருக்கு அதில் ஒரு இடறலும் தெரியாது. வீரலட்சுமி வெளியே வந்து சிரித்துக்கொள்வாள். தை மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றது.

ரத்தினவேல் உதிரிபாகக் கம்பெனியில் ஃபிட்டர். நைட் ஷிப்டில் கண் சொக்காமல் இருக்கக் கன்னத்தில் பாக்குப் பொட்டலத்தை அடக்கிக்கொள்கிற பழக்கம். அடக்கின இடத்தில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. பெங்களூருக்குப் போய்ச் சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரிசல்ட் வாங்குகிற அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. வீரலட்சுமி தனியாகப் போனாள்.

டாக்டர் நல்ல மனுஷர், பொறுமையாகச் சொன்னார். புற்றுநோய்தான். ஆரம்பத்திலேயே பிடித்தாகிவிட்டது. இப்போது வெட்டி எடுத்துவிட்டால் நன்றாக இருப்பார், தள்ளிப் போடக் கூடாது. "ஆனா ஒண்ணும்மா. ஆபரேஷனுக்கு அவர்தான் கையெழுத்துப் போடணும். என்ன ஏதுன்னு சொல்லாம நான் வாங்க மாட்டேன். அதுக்குள்ள நீங்களே பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க" என்று மாசிக் கடைசியில் ஒரு தேதியும் கொடுத்தார்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். அத்திப்பள்ளி எல்லை தாண்டுவதற்குள் முடிவும் பண்ணிவிட்டாள்: சொல்லப்போவதில்லை. எத்தனை வீட்டில் உட்கார்ந்து, நியாயமா, சரியா என்று துருவித் துருவிக் கேட்டவள்! தன் வீட்டு விஷயம் வந்ததும் அவளுக்கு ஒரு பஸ் பயணம் போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்து, "புண்ணு ஆழமா இறங்கிருச்சாம். வெட்டித் தைக்கணுமாம். வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

"இம்புட்டுத்தானா? இதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க? பங்குனிப் பொங்கல் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் ரத்தினவேல்.

பங்குனிப் பொங்கலை அவள் யோசிக்கவே இல்லை. ரூபாவுக்குக் காமாலை முற்றிக் கிடந்தபோது, மூன்று வருஷம் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று ரத்தினவேல் சொந்த ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். இது கடைசி வருஷம். கையில் காப்புக் கட்டிவிட்டால் அப்புறம் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, உடம்பில் கத்தி படக் கூடாது. ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் வேறு. டாக்டர் கொடுத்த தேதி அந்த நாட்களுக்கு நடுவில்தான் விழுந்தது. புண்ணுக்காக யாராவது சாமிக் கடனைத் தள்ளிவைப்பார்களா? அவர் தள்ளிவைத்தது ஆபரேஷனைத்தான்.

வீரலட்சுமி பயந்துபோய், ஊரில் இருக்கும் கொழுந்தன் மாடசாமிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கூடப்பிறந்தவன் சட்டியை ஏற்று எடுக்கலாம் என்று அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆனால் வேண்டிக்கொண்டவர் தன் வாயால், இவனுக்குக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். மாடசாமியும் நல்லெண்ணத்தோடு அண்ணனைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த வருசம் நான் எடுக்கட்டுமா? நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றான்.

அங்கேதான் எல்லாம் கெட்டது. சட்டி எடுக்கிற குடும்பத்தில் மூத்தவனுக்குத்தான் கோயிலில் முதல் மரியாதை. தம்பி அதற்கு அடிபோடுகிறான் என்று ரத்தினவேல் முடிவுகட்டிவிட்டார். "எங்கப்பன் செத்ததும் வயலக் கேட்டான், குடுத்தேன். இப்ப சட்டியவும் கேக்கான். நான் செத்தா போயிட்டேன்?" என்று போனைக் கட்டிலில் எறிந்தார். அன்றைக்கே போய் மஞ்சள் வேட்டி வாங்கிக்கொண்டு வந்தார். வாய்ப்புண் என்ற ஒரு பொய்யைக் காப்பாற்றப் போய் அண்ணன் தம்பிப் பேச்சே அறுந்தது. வீரலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில் ஆராய்ச்சியில் கேள்விகளைக் கொஞ்சம் மாற்றினார்கள். மாற்றினால், வீதிக்குக் கொண்டுபோவதற்கு முன் யாரையாவது உட்காரவைத்து ஒருமுறை கேட்டுப் பழகிக்கொள்வது அவர்களுடைய வழக்கம். வீரலட்சுமி புதுக் கேள்விகளை முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த ரத்தினவேல், "எங்கிட்டக் கேளேன். என்னமோ ஊரையே கேக்குற, கட்டுன புருசன ஒரு வார்த்த கேக்க மாட்டேங்குற" என்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

அவளுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை வந்தது. எனக்கு மறைக்கக் கூடாது என்று ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வதையே இவரும் சொல்லிவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு இங்கேயே சொல்லிவிடலாம். முதல் கேள்விக்கு, மறைப்பதுதான் சரி என்றார். அவள் இரண்டாவதைக் கேட்டாள்.

"எனக்குன்னாலா?" ரத்தினவேல் காலை ஆட்டிக்கொண்டே யோசித்தார். "எனக்கும் வேண்டாம்ப்பா. நீ இருக்கேல்ல, நீ பாத்துக்க. நான் நிம்மதியாப் போய்ச் சேந்துருவேன்."

வீரலட்சுமி அதை எழுதவே இல்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை எல்லோரும் கூடும் கூட்டம் இருந்தது. லாவண்யா இதுவரை வந்த பதில்களைப் போர்டில் எழுதினார். ஜெகதீஷ் வழக்கம்போல ஆரம்பித்தார். "எட்டுப் பேர் மறைக்கணும்னு சொல்லிட்டா அது நியாயம் ஆயிடுமா மேடம்? ஊரே சேர்ந்து ஒரு தப்பைப் பண்றதில்லையா?"

"நீங்க நோயாளியோட உரிமைன்னு ஒரே வரியில முடிச்சிடுவீங்க சார். எங்க ஓபிக்கு வாங்க. ஒரு பேஷன்ட்டுக்கு நாலு பேர் ஆட்டோவுல வர்றாங்க. யார் யாருக்காக முடிவு பண்றாங்கன்னே பாக்காம என்ன உரிமை பேசறது?"

"அதனாலதான் ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்திருக்கோம்" என்று ஜெகதீஷ் சிரித்தார். "எண்ணிக்கை மட்டும் எனக்கு நியாயத்தைச் சொல்லாது. ஆனா ஒரே ஆளு, அடுத்தவனுக்கு மறைங்க, எனக்கு மறைக்காதீங்கன்னு சொல்றாரு பாருங்க, அதை நான் நாற்காலியில உக்காந்து கண்டுபிடிச்சிருக்க முடியாது. அந்த ரெண்டு பதிலையும் பக்கத்துல வெச்சு அவருகிட்டயே காட்டணும். எனக்கு ஒரு நியாயம், அடுத்தவருக்கு ஒரு நியாயமான்னு அவரே யோசிக்கட்டும்."

வீரலட்சுமி இந்த மாதிரிக் கூட்டங்களில் டீ வரும்வரை வாய் திறக்கமாட்டாள். அன்று திறந்தாள். "சார், தனக்கும் வேண்டாம்னு சொல்றவங்க இருக்காங்களே. அவங்களுக்கு மறைக்கலாம்தான?"

"வேண்டாம்னு சொல்லவும் அவங்களுக்கு உரிமை உண்டும்மா. ஆனா அவங்க வேண்டாம்னது எதை? நம்ம கேட்டது ஒரு கதை. வீட்டுல காலாட்டிக்கிட்டு கதைக்குப் பதில் சொல்றது வேற. தன் உடம்புல ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சு, அப்பவும் வேண்டாம்ங்கறது வேற. மொதல் பதிலை ரெண்டாவதுக்கு எடுத்துக்க முடியாது."

"அப்ப எப்பிடி சார் கேக்குறது? கேட்டாலே சொன்ன மாதிரி ஆயிருமே!"

ஜெகதீஷ் லாவண்யா பக்கம் திரும்பினார். லாவண்யாதான் சொன்னார். "நான் எங்க பேஷன்ட்டுகிட்ட கேப்பேன். விவரம் இன்னும் இருக்கு, முழுசா வேணுமா, என்ன செய்யணும்னு மட்டும் போதுமான்னு. நீங்க சொல்றது சரிதான், அந்தக் கேள்வியே பாதி சொன்ன மாதிரிதான். மீதிப் பாதி அவங்க இஷ்டம்."

டீ குடிக்க வெளியே வந்தபோது லாவண்யா பக்கத்தில் வந்து நின்றார். "உங்க வீட்டுலயா?" என்று மட்டும் கேட்டார். வீரலட்சுமிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். "தேதி குடுத்துட்டாங்க மேடம். அவருதான் தள்ளிப் போடுறாரு."

"அவரா தள்ளிப் போடறாரு?" என்றார் லாவண்யா மெதுவாக. "எதைத் தள்ளிப் போடறோம்னே அவருக்குத் தெரியாதேம்மா."

வீரலட்சுமி வைத்த டீயை எடுக்கவே இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து ரத்தினவேல் மஞ்சள் வேட்டியை நனைத்து உலரப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். வீரலட்சுமி எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க. அன்னைக்கு பெங்களூர்ல டாக்டர் சொன்னதுல உங்ககிட்ட நான் சொன்னது கொஞ்சந்தான். மிச்சம் இருக்கு. அத முழுசாச் சொல்லவா? இல்ல, என்ன செய்யணும்னு மட்டும் சொல்லவா? நீங்க எப்பிடிச் சொன்னாலும் சரி."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். "மிச்சம்னா, நல்லதா?"

"நல்லதில்ல. ஆனா சரி பண்ணிரலாம்."

"அன்னைக்குக் கேள்வி கேட்டியே, அது எனக்குத்தானா?"

"அது வேலைக்கு. ஆனா நீங்க சொன்ன பதில எனக்குன்னு வச்சுக்கிட்டேன். அதான் இத்தன நாளு."

"அது யாருக்கோன்னு நெனச்சுச் சொன்னது, லச்சுமி." அவர் தோள் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "சொல்லு. முழுசாச் சொல்லு."

சொன்னாள். கேன்சர் என்ற வார்த்தையை அந்த வீட்டில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். ஆரம்பம்தான் என்று டாக்டர் சொன்னதையும், வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்பதையும், தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். ரத்தினவேல் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பயந்துதான் போனார். ஆனால் அவள் பயந்த மாதிரி இடிந்து விழவில்லை. "வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"மாடசாமிக்கு."

"எனக்கு முந்தி அவனுக்கா?" கட்டிலை ஓங்கி அறைந்தார். "என் வாயில இருக்கிற புண்ணு. எனக்குத் தெரியாது, ஊர்ல இருக்கிறவனுக்குத் தெரியும். என்னைய என்ன பச்சப்புள்ளன்னு நெனச்சியா? நான் ஒனக்கு என்னத்தடீ மறைச்சேன் இத்தன வருசத்துல?"

"தப்புத்தாங்க" என்றாள் வீரலட்சுமி. வேறு எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. அவர் திட்டத் திட்ட அவளுக்கு உள்ளே லேசாகிக்கொண்டு வந்தது. வாரக்கணக்கில் தனியாகப் பொத்திவைத்திருந்தது இப்போது இரண்டு பேருடையது.

திட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். "அப்ப அவன் சட்டியக் கேட்டது?"

"உங்களுக்காகத்தான்."

ரத்தினவேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நோயைக் கேட்டு வராத அழுகை தம்பியை நினைத்து வந்தது. ஒருவழியாக முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"எலேய் மாடசாமி. நான்தான். லச்சுமி எல்லாத்தையும் சொல்லிட்டா." அந்தப் பக்கம் ஒரே அழுகைச் சத்தம். "அழாதடா, ஆரம்பந்தானாம். நாந்தான்டா ஒன்னையப் பங்காளியப் பேசுற மாதிரி பேசிப்புட்டேன். மனசுல வச்சுக்காத. இந்த வருசம் சட்டிய நீ எடு. என் வாயால சொல்றேன், குடுத்தேன். பூசாரி பக்கத்துல இருந்தா போனக் குடு, அவர்ட்டயும் நானே சொல்லிர்றேன்."

வீரலட்சுமியின் பொய்யால் அசைக்க முடியாத அந்த வேண்டுதலை அவர் ஒரே போனில் இறக்கிவைத்துவிட்டார். அவள் எழுந்து போய் மிச்சமிருந்த சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்து, நின்றுகொண்டே சாப்பிட்டாள். அன்று மத்தியானம் கட்டை மாதிரி தூங்கினாள்.

சொன்ன தேதிக்கு ஆபரேஷன் நடந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ரத்தினவேல் டாக்டரைக் கேள்விகளால் துளைத்தெடுத்தார். பேச வருமா, எப்போது ஷிப்டுக்குப் போகலாம், கறி மெல்லலாமா, தையல் வெளியே தெரியுமா. பாக்குப் பேச்சு வந்ததும் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். ஊரில் மாடசாமி சட்டி எடுத்ததைப் போனில் வீடியோவாகப் பார்த்து, கட்டுப் போட்ட முகத்தோடு கும்பிட்டார்.

வெட்டியெடுத்த சதையின் ரிசல்ட் வர வேண்டியிருந்தது. அதற்காகப் போனபோது நர்ஸ் வெளியே வந்து, "பேஷன்ட் கூட வந்தவங்க யாரு? டாக்டர் கூப்புடறாரு" என்றாள். வீரலட்சுமி பழக்கத்தில் எழுந்துவிட்டாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"அவர்ட்டயே சொல்லச் சொல்லுங்க சிஸ்டர்."

"நீயும் வாயேன்" என்றார் ரத்தினவேல், தையல் இழுக்கும் வாயால்.

"நீங்க மொதல்ல கேட்டுட்டு வாங்க."

கதவு மூடியது. உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் வெளியே உட்கார்ந்திருப்பது என்னவென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. நோயாளிகள் போகிறார்கள், வருகிறார்கள், யாரோ கன்னடத்தில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள். தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். கதவு திறக்கவில்லை. எதுவானாலும் சரி, யாராவது வந்து சொன்னால் போதும் என்று இருந்தது.

ரத்தினவேல் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பக்கம்தான் அசையும். அவள் எழுந்து அவர் கையைப் பிடித்தாள்.

"மிச்சம் ஒண்ணும் இல்லையாம். கழுத்துலயும் பரவலையாம்."

"நல்லாக் கேட்டீங்களா?"

"ரெண்டு தடவ கேட்டேன்."

வீரலட்சுமி அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்க்க, ரத்தினவேல் அவர்களைப் பார்த்து, ஒன்றுமில்லை, நல்ல செய்திதான் என்று கையைக் காட்டினார். பிறகு அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாங்க. வாய் வலிக்கும்."

"வலிக்கட்டும். டாக்டர் சொன்னத மொதல்ல இருந்து சொல்றேன், கேளு. ஒண்ணு விடாம."